எங்கள் ஊர்ப் பாறுகள்

பிணந்தின்னிக் கழுகைப் பாறு என்பது பழைய வழக்கு. என் இளமையில், ஊர்ப்புறத்தே மாடு இறந்து கிடந்தால் அவை எங்கிருந்தோ வட்டமிட்டு இறங்கும். மாலைக்குள் எலும்பே மிஞ்சும். நாங்கள் அருவருத்துக் கல்லெறிவோம். சற்றே விலகி மீண்டும் வந்தமரும்.

1998இல் எங்கள் பசு காய்ச்சலால் துவண்டது. டைக்ளோஃபினாக் ஊசிமருந்தை நானே வாங்கி வந்து போடச் செய்தேன். மறுநாளே அது இறந்தது. வழக்கம்போல் ஊர்ப்புறத்தில் இட்டோம். இரண்டு பாறுகள் இறங்கின. எங்கள் ஊரில் நான் கண்ட கடைசிப் பாறுகள் அவையே.

இறந்த மாட்டின் உடலில் தங்கும் அம்மருந்து, தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைக்கிறதென 2004இல் அறிஞர் வெளியிட்டனர். 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பெற்றது. பருந்துக்கும் பாறுக்கும் வேற்றுமை கற்பித்த ஆசிரியனாகிய நான், செய்தித்தாளில் அதனைப் படித்த அன்று உணவு கொள்ளவில்லை.

இன்று தமிழகப் பாறுகளுள் பெரும்பாலானவை மோயாற்றுப் பள்ளத்தாக்கையே அண்டி வாழ்கின்றன. சென்ற ஆண்டு அப்பக்கம் சென்றபோது, நெடுந்தொலைவில், நீர்மருத மரத்தின் உச்சியில் ஒரு கூட்டைக் கண்டேன். எங்கள் ஊர்ப்புறத்திலோ இப்போது நாய்களே. மாட்டுக்கு மருந்து வாங்கும் உழவரிடம், பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் மருந்தைக் கேட்டு வாங்குமாறு சொல்லி வருகிறேன். சிலர் கேட்கின்றனர்.