சற்றே வெளியே வாருங்கள்



பணி முடித்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்துக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார் ஆண்டவர் (மாற்கு 6:31). உண்ணக்கூட அவர்களுக்கு நேரமில்லையாம். நம் ஓசூர் சிப்காட் கதையும் அதுதானே! இருட்டில் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிலேயே இறங்குகிறோம். நைட் ஷிப்ட் என்றால் பகலெல்லாம் சன்னலை மூடித் தூக்கம்.

வார விடுமுறை, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தந்த உரிமை. அதையும் இரட்டைச் சம்பளத்துக்காக ஓவர்டைமாக்கி விடுகிறோம். கடன் இருக்கிறது, தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் அப்பாவைத் தூங்கும் ஆளாக மட்டுமே அறிந்த பிள்ளைகள் நம் பங்கில் உண்டு.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களோடு கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்குப் போங்கள். கெலவரப்பள்ளி அருகில்தான், ஆனால் பெங்களூரு கழிவுநீரால் அங்கே அடிக்கடி நுரை பொங்குகிறது. பந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.