அட்டெனலால் உட்கொள்வோர் அறிய வேண்டுவன



இரத்தக் கொதிப்பு என்று நம் மக்கள் வழங்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் இதய வலிக்கும் தரப்படும் அட்டெனலால் என்ற மருந்தைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன். இது பீட்டா தடுப்பான் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தின் முன்னோடியான புரோப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அட்ரினலின் இதயத்தைத் தூண்டும் வழியை இம்மருந்து அடைக்கிறது, நாடி தணிகிறது, அழுத்தம் இறங்குகிறது. கொதிப்பிற்கு மட்டும் புதிதாகச் சிகிச்சை தொடங்குவோருக்கு மருத்துவர்கள் இன்று பெரும்பாலும் வேறு மருந்துகளையே நாடுகின்றனர். ஆயினும் பல்லாண்டுகளாக இதனை உட்கொள்வோர் நம்மிடையே ஏராளம்.

இவர்கள் முதலில் அறிய வேண்டுவது, இம்மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது என்பதே. வழி அடைபட்டிருக்கும் காலத்தில் இதயம் அட்ரினலினுக்கு மேலும் கூர்மையாக இணங்கப் பழகிவிடுகிறது. அடைப்பு ஒரே நாளில் நீங்கினால் நாடி பாய்கிறது, இதய வலி கடுமையாகலாம், மாரடைப்பும் நேரலாம். "அழுத்தம் சரியாகிவிட்டது, மாத்திரை எதற்கு?" என்று விட்டுவிடுவோரும், மாற்றலாகி வேற்றூர் போனபின் சீட்டைப் புதுப்பிக்க மறந்தோரும் இந்த ஆபத்துக்கு உள்ளாகின்றனர். நிறுத்துவதாயின் மருத்துவர் சொற்படி சில வாரங்களில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இம்மருந்து மூச்சுக்குழல்களைச் சுருக்கக்கூடும். இழைப்பைத் தணிக்கும் சால்புட்டமாலின் பயனையும் குறைக்கக்கூடும். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைடோ கொள்வோரிடம் தீங்கு மறைந்து வருகிறது. சர்க்கரை அளவு தாழும்போது எச்சரிக்கும் படபடப்பும் நடுக்கமும் மறைக்கப்பட்டுவிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் எஞ்சி நிற்கும். ஆதலின் காரணமின்றி வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதிப்பது நலம்.

பிற மருந்துகளுடன் சேரும்போது நேர்வன வேறு. வெரபமில், டில்டியசம் ஆகியவை சேர்ந்தால் நாடி மிகத் தாழ்ந்து இதயத்தின் மின்னோட்டமே தடைப்படலாம். குளோனிடினும் உட்கொள்பவர் இரண்டையும் விடுவதாயின், அட்டெனலாலை முதலில் படிப்படியாக நிறுத்திய பின்னரே குளோனிடினைக் குறைக்கத் தொடங்க வேண்டும். மாறினால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். மூட்டு வலிக்கு நாம் தாமே வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை அழுத்தத்தைக் குறைக்கும் பயனை மழுங்கச் செய்யும். கிளாக்கோமாவுக்கான டிமோலால் சொட்டு மருந்தும் இதே இனந்தான். கண்ணில் விட்டது இரத்தத்திலும் கலக்கிறது. கண் மருத்துவரிடம் யார் இதய மாத்திரையைப் பற்றிச் சொல்கிறார்கள்?

நம் நாட்டில் ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவது இன்னொரு தொல்லை. அட்டெனலாலும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரையை ஒரு மருத்துவரும், தனி அட்டெனலாலை மற்றொருவரும் எழுத, நோயாளி இரட்டை அளவு கொள்கிறார். மேலட்டையில் சிறிய எழுத்திலுள்ள மூலப்பெயரைப் படிப்பது ஒன்றே காப்பு. பழைய சீட்டுகளையும் மருந்துப் பட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டலாம்.

சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து ஆதலின், அது பழுதுற்றோருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். கருவுற்றோர் உடனே தெரிவிக்க வேண்டும்; குழந்தையின் வளர்ச்சி குன்றக்கூடும். அறுவைக்கு முன் மயக்க மருந்து நிபுணரிடமும் சொல்லுங்கள். நாடி நிமிடத்திற்கு 50-க்குக் கீழே சென்று தலைசுற்றலோ மயக்கமோ தோன்றினால், அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.