ஓடுகிற பிள்ளைகளின் கால்வலி

(சங்கக் கூட்டத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும். விழுப்புரம் விளையாட்டரங்கிலும் திண்டிவனம் பக்கத்து மைதானங்களிலும் விடியற்காலையிலேயே பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். ஆறு மாதப் பயிற்சியை ஆறு வாரத்தில் முடிக்கப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஓடும்போது எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இயல்பு. ஓய்வு நேரத்தில் உடல் அதைச் சரிசெய்து எலும்பை உறுதியாக்கிவிடும். அந்த அவகாசம் கொடுக்காவிட்டால் சேதம் சேர்ந்து மயிரிழை போல விரிசல் விடும். இதுதான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். கீழே விழவோ அடிபடவோ தேவையில்லை. நெடுநடை போன சிப்பாய்களின் பாதத்தில் வந்த வீக்கத்தையும் வலியையும் பற்றி பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-லேயே எழுதினார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது.

கிரிக்கெட் வீரர் பும்ராவுக்கு 2019-ல் கீழ்முதுகில் இதே விரிசல். 2022-ல் மறுபடியும் முதுகுப் பிரச்சினை. டி20 உலகக் கோப்பையில் ஆட முடியவில்லை. 2023-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பல மாதம் ஒதுங்கியிருந்து திரும்பினார். 2024 உலகக் கோப்பையில் தொடர் நாயகன் அவர்தான்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? தசைவலி பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் குறையும். எலும்பு வலியை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியும். ஓடினால் கூடும், போகப் போக நடந்தாலும் வலிக்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும், எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும் விரிசலை ஆற்றாது.

முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்று மறுநாளே மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

பெரும்பாலான விரிசல்கள் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் ஆறிவிடும். ஆனால் ஓடுகிற பிள்ளை தொடை இடுக்கில் வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முழுதாக முறிந்து விலகினால் அறுவை சிகிச்சைதான்.

பெண் பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடி, மாதவிடாய் நின்றுபோனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்பு பலவீனமாவதற்கு அது ஓர் அறிகுறி. பால், முட்டை, கேழ்வரகு, வெயில் எல்லாம் வேண்டும். ஓடும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள்.

வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் 'சாக்கு சொல்லாதே' என்று அதட்டாமல், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.