மலை ஊரில் நீந்தப் போகும் மூத்தவர்கள்



தாப்பாவிலிருந்து பஸ் ஏறிக் கேமரன் மலைக்குப் போயிருப்பீர்கள். தானா ராத்தாவில் இறங்கி மேட்டுப் பாதையில் விரைந்து நடந்தால் வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே மூச்சு வாங்கும். அந்த ஊர் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைவிடவும் உயரமான ஊர்களில், ஐம்பதையும் அறுபதையும் தாண்டியவர்கள் நீச்சல் போட்டிக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

"இந்த வயதில் போட்டியா?" என்று சிரிக்க வேண்டாம். மூத்தோர் நீச்சல் என்பது 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தனித்துறை. ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஒத்த வயதினரோடுதான் நீந்த விடுவார்கள். அமெரிக்காவில் இதன் முதல் தேசியப் போட்டி 1970-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் நடந்தது. உலகப் போட்டி 1986-இல் தோக்கியோவில் தொடங்கி, 2025-இல் சிங்கப்பூருக்கும் வந்தது.

உயரம் நீச்சல்காரரை என்ன செய்யும் என்பதை உலகம் நன்றாகப் பார்த்தது 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில். அந்நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அமெரிக்கரான மைக் பர்ட்டன் அங்கே 1,500 மீட்டரை 16 நிமிடம் 38.9 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தாழ்வான கடலோர நகரமொன்றில், அதே தூரத்தை 16 நிமிடம் 8.5 விநாடியில் நீந்தி உலகச் சாதனை படைத்திருந்தார். அதே மனிதர்தான், உயரத்தில் அரை நிமிடம் கூடிவிட்டது. அதே குளத்தில் 100 மீட்டர் நீந்திய ஆஸ்திரேலியர் மைக்கேல் வென்டனோ 52.2 விநாடியில் உலகச் சாதனையே செய்தார்! குறுகிய ஓட்டத்துக்குத் தசையில் இருக்கும் சேமிப்பே பெரும்பாலும் போதும். நெடுந்தூரத்துக்குத்தான் காற்று வேண்டும்.

உயரத்திலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. மெக்சிகோ நகரில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டியது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் பிராணவாயு குறைவு. ஓடுகிறவருக்காவது மெலிந்த காற்று எதிர்ப்பைக் குறைத்து ஓரளவு உதவும். நீந்துகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. தண்ணீர் எங்கும் அதே தண்ணீர்தான். போதாக்குறைக்கு, நினைத்த நேரத்தில் அவர் மூச்சிழுக்கவும் முடியாது. முகம் வெளியே வரும் நேரம்தான் அவருக்கு உண்டு. வயது ஏற ஏற நெஞ்சின் உச்சத் துடிப்பும் குறைந்து வருவதால், மூத்தவருக்குக் கையிருப்பு இன்னும் குறைவு.

எனவே ஆயத்தம் குளத்தில் தொடங்குவதில்லை, மருத்துவரிடம் தொடங்குகிறது. நெஞ்சு நோய், இரத்த அழுத்தம், இரத்தசோகை உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் மலையேறக் கூடாது. உடம்பு புதிய சிவப்பணுக்களை உண்டாக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்கு இரும்புச் சத்தும் வேண்டும். கீரையும் மீனும் நல்லவை. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அந்தச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இது போட்டிக்காரருக்கு மட்டுமல்ல, நம் வீட்டுப் பெண்களுக்கும் பொருந்தும்.

வசதி இருந்தால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் போய்த் தங்குவது நல்லது. முடியாதவர்கள் போட்டிக்கு முந்திய நாள் போய்ச் சேரலாம் என்பது பயிற்சியாளர் பலர் சொல்லும் வழி. இடைப்பட்ட சில நாட்கள்தாம் தொல்லை: தலைவலி, தூக்கக் கெடுதல், வறண்ட காற்றில் நாவறட்சி. யாராவது மலைநோய்க்கு மாத்திரை கொடுத்தால் வாங்கி விழுங்காதீர்கள். அவற்றுள் ஒன்றான அசிட்டசோலமைடு, விளையாட்டில் தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் உள்ளது.

குளத்தில் முதல் சுற்றை வேண்டுமென்றே மெதுவாக நீந்த வேண்டும். மூன்று நான்கு வீச்சுக்கு ஒரு மூச்சு என்ற பழக்கத்தை விட்டு, இரண்டு வீச்சுக்கு ஒன்றாக இழுக்க வேண்டும். சுவரை உதைத்துத் திரும்பியபின் தண்ணீருக்கடியில் நீண்ட தூரம் வழுக்கிப் போகும் அழகை இங்கே குறைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இடையே கூடுதல் ஓய்வும் தேவை.

ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூச்சடக்கிப் பழகினால் உயரம் பழகும் என்று சிலர் தண்ணீருக்கடியில் தங்கிப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளும் ஆற்றிலும் ஈயக் குட்டையிலும் பந்தயமாகவே இதைச் செய்கிறார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் உடம்பிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். மூச்சிழுக்கச் சொல்லி நம்மை உந்துவது அந்த வாயுதான். உந்துதல் வருமுன்னே பிராணவாயு தீர்ந்து, ஆள் சத்தமில்லாமல் மயங்கிவிடுவார். கரையில் நிற்பவர்களுக்கு அவர் இன்னும் முங்கியிருப்பதாகவே தோன்றும். ஆகவே வயது எதுவாயினும், உயரம் எதுவாயினும், அந்தப் பந்தயம் வேண்டாம். தனியே நீந்தவும் வேண்டாம்.