கடல் கடந்த கடிதம்

எங்கள் வாசலூர்பட்டியைப் போன்றே கொல்லிமலையைச் சேர்ந்த வாழவந்தி நாட்டில், ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலப் பாதிரியாரும் அவர் துணைவியார் ஈவ்லினும் வாழ்ந்து, மலைமக்களுக்கு மருந்தளித்துத் தொண்டாற்றினர். 1923ஆம் ஆண்டில் தாயகம் சென்ற அவர்கள், ஒன்பது வயது மகன் பாலையும் அவன் தங்கை கானியையும் கல்விக்காக இலண்டனில் ஈவ்லினின் உடன்பிறந்த சகோதரிகளிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்குத் திரும்பினர். அதன்பின் அண்ணனையும் தங்கையையும் பெற்றோரோடு பிணைத்தவை கடிதங்களே. மலையின் மரங்களையும் உயிர்களையும் பற்றித் தந்தை ஓயாது எழுதினார்.

1929ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மலைக்காய்ச்சல் முற்றி அவர் காலமானார். தந்தி விரைந்து சென்று செய்தியைச் சொல்லிற்று. கப்பலேறிய கடிதமோ பின்னரே சென்று சேர்ந்தது. மறைந்தவர் அதில் மலையின் அழகை மகிழ்ந்து பேசியிருந்தார்! அதைப் படித்த சிறுவனே, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீராக்கிய மருத்துவர் பால் பிராண்ட்.

எழுதிய கை ஓய்ந்த பின்னும் கடிதம் பேசுகிறது. உடன்பிறந்தாருக்கு நாம் கடைசியாக எழுதியது எப்போது? என் தங்கைக்கு நான் எழுதி நெடுநாளாயிற்று. இன்றிரவே எழுதப் போகிறேன். நீங்களும் எழுதுங்கள்.