பெயரில்லாத கை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மரக்காணம் உப்பளங்களில் மோட்டார், பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். வெயிலில் நின்று பாத்தியில் உப்பு வாருகிறவர் ஒருவர். மூட்டையில் அச்சாகும் பெயர் வேறு. இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பிரெஞ்சுக்காரர் நினைவுக்கு வருவார்.

'திரீ மஸ்கடியர்ஸ்' 1844இல் வந்த நாவல். எழுதியவர் யார் என்றால் அலெக்சாண்டர் டூமா என்போம். அதில் பாதி உழைப்பு ஆகுஸ்த் மாக்கே என்ற வரலாற்று ஆசிரியருடையது. சரித்திரக் குறிப்புகளைத் தேடி, கதையமைப்பு போட்டு, முதல் வரைவு எழுதிக் கொடுப்பார். டூமா அதற்கு உயிர் கொடுப்பார். 'மாண்டி கிறிஸ்டோ'விலும் இதே கதைதான். டூமா பெயர் மட்டும் இருந்தால்தான் விலை போகும் என்று பத்திரிகைக்காரர் சொன்னாராம். அட்டையில் மாக்கே இல்லை. பிறகு வழக்குப் போட்டார். 1858இல் தீர்ப்பு வந்தது: பணம் உண்டு, பெயர் கிடையாது!

டூமாவின் கை மந்திரக் கைதான், மறுக்கவில்லை. 2002இல் அவர் உடலை பாரிஸ் பாந்தியோனில் அரசு மரியாதையோடு வைத்தார்கள். 1888இல் இறந்த மாக்கேக்கோ, அந்த நாவல்களின் பெயர்கள் கல்லறையில்தான் பொறிக்கப்பட்டன.

அடுத்தவரைச் சொல்வானேன்? என் இறுதியாண்டு பம்பு புராஜெக்ட் முதல் பரிசு வாங்கியது. நான் கடைந்த ஷாஃப்ட் ஆடியது. நம் பணிமனை அண்ணன்தான், "கொடு தம்பி" என்று வாங்கி, இரவெல்லாம் லேத்தில் நின்று புதிதாகக் கடைந்து கொடுத்தார். அறிக்கையில் முதல்வருக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி, கடவுளுக்கும் நன்றி. அவர் பெயர் மட்டும் இல்லை.

போன வாரம் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு தம்பி, ஷாஃப்ட் ஓடிச்சா இல்லையா?" என்று சிரித்தார். சிரித்தாலும் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

நூலகத்திலுள்ள அந்த அறிக்கையில் இன்று காலை அவர் பெயரை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். போய்ப் பாருங்கள். தம்பி தங்கைகளே, உங்கள் அறிக்கையை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன்பு, யாருடைய கை விட்டுப்போயிற்று என்று ஒரு தடவை யோசியுங்கள்.

அண்ணன் இதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, கொஞ்சம் எழுந்து நில்லுங்க. எனக்குக் கிடைத்த கைதட்டலில் உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது.