சிஎஸ்ஆர் வேறு, எஃப்ஐஆர் வேறு

"சார், என் மனுமேல விசாரணை நடக்குதாம்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, கையில் என்ன தாள் இருக்கிறது என்பதைத்தான். விசாரணை என்ற ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டோம். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பேசினாலும் விசாரணை, கோர்ட்டில் கேஸ் நடந்தாலும் விசாரணை, கமிஷன் உட்கார்ந்தாலும் விசாரணை. சட்டத்தின் இங்கிலீஷில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு. சொல் மாறினால் உங்கள் உரிமையும் மாறும்.

மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டில் ஒரு மீனவரின் படகு இன்ஜின் திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனில் மனு கொடுக்கிறார். ஒரு ரசீது தருகிறார்கள். அதுதான் சிஎஸ்ஆர். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் நடப்பது என்கொயரி. இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசலாம், மனுவை முடித்தும் வைக்கலாம். கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு என்றால் இதுவே போதும். கோர்ட்டுக்கு அலையாமல் முடிந்தால் நல்லதுதானே. இன்ஜின் திருட்டுக்கு இது போதாது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் போய் நின்றால் எஃப்ஐஆர் நகல் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

எஃப்ஐஆர் என்பது முதல் தகவல் அறிக்கை. அது பதிவானால்தான் இன்வெஸ்டிகேஷன், அதாவது புலன் விசாரணை, முறைப்படி தொடங்கும். அந்த இங்கிலீஷ் சொல்லின் லத்தீன் வேருக்குக் காலடித் தடம் என்று பொருள். கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மணலில் தடம் பிடித்துப் போகிற வேலைதான். சாட்சிகளைக் கேட்பது, தடயம் எடுப்பது, தேவையானால் கைது, கடைசியில் கோர்ட்டுக்கு அறிக்கை.

போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173ஆம் பிரிவில் ஒரு சின்ன இடம் விட்டிருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதி பெற்று முதற்கட்ட என்கொயரி செய்யலாம். அதற்கு 14 நாள்தான். "விசாரிச்சிட்டே இருக்கோம்மா" என்று மூன்று மாதம் ஓட்ட அதில் இடமில்லை.

இன்கொயரி என்று ஒன்றும் உண்டு. காதில் ஒரே மாதிரிதான் விழும். ஆனால் சட்டத்தின் விளக்கப்படி அது மாஜிஸ்திரேட்டோ கோர்ட்டோ செய்வது. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். மாஜிஸ்திரேட் இன்கொயரி நடந்தது. போலீஸ் இன்வெஸ்டிகேஷனில் இல்ல ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். பிறகு இல்லங்களைச் சீரமைப்பதற்கு ஆலோசனை சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. செய்தி படித்தவர்களுக்கு மூன்றுமே விசாரணைதான். குழு யாரையும் தண்டிக்காது, பரிந்துரை செய்யும். சாவு எப்படி வந்தது என்று மாஜிஸ்திரேட் பார்ப்பார். குற்றவாளியைக் கோர்ட் முன் நிறுத்துவது இன்வெஸ்டிகேஷன். ஒன்று நடக்கிறதே என்று மற்றதைக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

புரோப் என்பது பேப்பர்காரர்களின் சொல். தலைப்பில் இடம் குறைவு, அதனால் சின்னச் சொல். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சுவோ மோட்டோ என்றால் யாரும் மனு கொடுக்காமலே தானாக எடுத்துக்கொள்வது.

சாட்சியாக ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்களா? பெண்கள், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்திலேயேதான் கேட்க வேண்டும். 179ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

எஃப்ஐஆர் போட்டால் நகல் உங்களுக்கு இலவசம். போட மறுத்தால் அதே தகவலை எழுதி மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சிஎஸ்ஆர் நிலையை அறிய ஓர் இடமும், எஃப்ஐஆரைப் பார்க்க வேறோர் இடமும் இருக்கின்றன. உங்கள் எண் இரண்டில் எதில் வருகிறது என்று இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.